காரணம் கேட்டவர்களுக்கு 43 ஸ்லைடுகள்

2014 மார்ச் மாதம் மதுரையில் ஒரு சிறிய கூட்டம். முப்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் என்னைப் போன்றவர்கள். மீதிப் பாதி, அவர்கள் கெஞ்சியும் கோபித்துக்கொண்டும் அழைத்து வந்திருந்த அம்மா, அப்பா, அக்கா, மாமா. 'தன்பாலீர்ப்பு: அறிவியல் என்ன சொல்கிறது?' என்று தலைப்பு. பேச வேண்டியவன் நான். கையில் 43 ஸ்லைடுகள்.

வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவனுக்கு 43 ஒரு பெரிய எண்ணிக்கை இல்லை. சைமன் லெவே என்ற நரம்பியலாளர் 1991இல் இறந்துபோன 41 பேரின் மூளைகளை ஆராய்ந்து ஹைப்போதலாமஸில் கண்ட வேறுபாடு இருந்தது. டீன் ஹேமர் என்ற மரபியலாளர் 1993இல் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் தேடிய மரபணு இருந்தது. இரட்டையர் ஆய்வுகள், கிடாவையே நாடும் கிடாக்கள், கடைசியில் ஆணோடு ஆண் ஜோடி சேரும் பென்குவின். பென்குவின் இல்லாமல் அந்தக் காலத்தில் யாரும் இந்தத் தலைப்பில் பேசியதில்லை.

முடித்ததும் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்தார். சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நீங்க சொன்னதுல பாதி புரிஞ்சது, பாதி புரியல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நாளைக்கே இன்னொரு படிச்சவரு வந்து, இது பிறவியிலயெல்லாம் வரல, அவனா ஆசைப்பட்டதுதான்னு நிரூபிச்சுட்டாருன்னு வையிங்க. அப்ப எம் மகனை நான் வீட்டுல சேர்க்கலாமா, கூடாதா?"

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது, அது பதிலே இல்லை என்பது மட்டும் மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. 43 ஸ்லைடுகளையும் 'பிறவி' என்ற ஒற்றைக் காலில் நிறுத்தியிருக்கிறேன். அந்தக் காலை யாராவது தட்டிவிட்டால் அந்தப் பையனுக்கு வீட்டில் இடம் கிடையாதா?

அந்த மேடைக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

செடிகளிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுப்பது என் வேலை. ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்பந்தப் பணி. இலையைக் காயவைத்து, அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, சாற்றில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் ஏற்றிவிட்டு, திரையில் பொருளுக்கு ஒன்றாக முகடுகள் எழுவதற்காகக் காத்திருக்க வேண்டும். பொறுமையான வேலை. எனக்கு அது பிடித்திருந்தது. 2011 அக்டோபரில் அப்படிக் காத்திருந்த ஓர் இரவில்தான் ஃபிராங்க் கமெனி என்ற அமெரிக்க வானியலாளரின் மறைவுச் செய்தியைப் படித்தேன். 'அட, நம்ம ஆளு' என்று நினைத்துவிட்டு அடுத்த மாதிரியை ஏற்றப் போய்விட்டேன்.

2013 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நான்கு வருடங்களுக்கு முன், 2009 ஜூலை 2 அன்று, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து தில்லி உயர் நீதிமன்றம் எங்களை வெளியே எடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் மறுபடி உள்ளே தள்ளியது. அன்று மாலை நானும் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். அதற்கு முன்பு மெரினாவில் நடந்த பேரணியை முகமூடியோடு ஓரமாக நின்று பார்த்தவன், அன்றைக்கு முகமூடியை மறந்தே போயிருந்தேன். ஒரு பத்திரிகைப் படத்தில் மூன்றாவது ஆளாக நின்றேன், முகம் பளிச்சென்று தெரிந்தது.

ஜனவரியில் என் மேலதிகாரி கூப்பிட்டார். கோபமே இல்லை, காபி கூட வாங்கிக் கொடுத்தார். "ப்ராஜெக்ட்ல ஃபண்ட் இல்ல. நீங்களே எழுதிக் கொடுத்துட்டா உங்க பேருக்கும் நல்லது" என்றார். அங்கேயே உட்கார்ந்து, அவர் பேனாவிலேயே எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அதே பணியிடத்துக்கு விளம்பரம் வந்தது.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்கு என்னைப் பற்றி முழுதாகத் தெரியாது. வேலை போன கதையை மட்டும் கேட்டார். "எழுத்துல எதுவும் வாங்கலையா? நாங்க எல்சி எழுதி வாங்காம கம்பத்துல கை வைக்க மாட்டோம். டாக்டர் பட்டம் வாங்கி என்னலே பிரயோசனம்?"

லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று துணைமின் நிலையத்தில் எழுதி வாங்கும் அனுமதிதான் எல்சி. வாய்வார்த்தையை நம்பி ஏறியவர்களுக்கு என்ன ஆனது என்று அப்பா சின்ன வயதில் நிறையச் சொல்லியிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டு கரைப்பான் மாறினாலும் தேதி போட்டு எழுதுகிறவன், என் வாழ்க்கை மாறிய நாளில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்டு வாங்கவில்லை.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தத் திட்டத்துக்கு நிதி எதுவரை அனுமதிக்கப்பட்டிருந்தது என்று ஒரே ஒரு கேள்வி. முப்பது நாளில் பதில் வந்தது. நிதி 2015 வரைக்கும் இருந்திருக்கிறது. வழக்கறிஞர் பதிலைப் படித்துவிட்டு, "பொய் சொல்லியிருக்காங்க, சரி. ஆனா வேலையை விட்டது நீங்க, உங்க கையெழுத்து இருக்கே" என்றார். மேலதிகாரியே வேலையை விட்டு அனுப்பட்டும் என்று விட்டிருந்தால் ஒரு வழக்கு இருந்திருக்கும். இன்றைக்கும் யாராவது இந்த மாதிரிச் சிக்கலோடு வந்தால் நான் முதலில் சொல்வது இதுதான்: அன்றைக்கே, அந்த அறையிலேயே, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "யோசிச்சு மெயில்ல சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். வந்த கையோடு, அங்கே பேசியதை நீங்களே ஒரு மின்னஞ்சலாக எழுதி அவருக்கு அனுப்புங்கள். "இன்று காலை 11 மணிக்கு நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?" அவ்வளவு போதும். பதில் வந்தாலும் அது சாட்சி, வராவிட்டாலும் சாட்சி.

மதுரைக் கூட்டத்துக்குப் பிறகுதான் கமெனியைத் தேடிப் படித்தேன். அவர் வேலையை இழந்த கதையும் என் கதையும் ஒன்றுபோலத் தொடங்குகின்றன, அவர் அடுத்து செய்தது மட்டும் நேர் எதிர்.

1925இல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் சண்டையிட்டவர். ஆர்வி டாரி என்ற வகை விண்மீன்கள் உண்டு. அவை மங்கிப் பிரகாசிக்கும், அதிலும் ஒரு முறை ஆழமாக, அடுத்த முறை லேசாக என்று மாறி மாறி மங்கும். அவற்றை ஆராய்ந்து 1956இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். 1957இல் அமெரிக்க இராணுவ வரைபடத் துறையில் வேலை கிடைத்தது. அந்த அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. வானியலாளர்களுக்கு அதைவிட நல்ல காலம் அமைந்திருக்காது. ஆனால் 1953இல் அதிபர் ஐசனாவர் பிறப்பித்த ஓர் ஆணைப்படி 'பாலியல் வக்கிரம்' உள்ளவர்கள் அரசுப் பணியில் இருக்கக் கூடாது. தன்பாலீர்ப்பாளர்களை அந்தச் சொல்லுக்குள் அடக்கித் தேடித் தேடி வெளியேற்றினார்கள். கமெனியையும் விசாரணைக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்கிற மாதிரி பதில் சொல்ல மறுத்தார். ஆண்டு முடிவதற்குள் வேலை போனது. வானியலுக்கு அவர் திரும்பவே இல்லை.

அவர் ராஜினாமா எழுதிக் கொடுக்கவில்லை. மேல்முறையீடு, அதன் மேல் முறையீடு என்று போனார். ஒரு கட்டத்தில் வழக்கறிஞர் கைவிட்டுவிட, உச்ச நீதிமன்றத்துக்கான மனுவைத் தானே எழுதினார். 1961இல் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. சட்டம் படிக்காத மனிதர், சில்லறையை எண்ணிச் சாப்பிட்ட காலம் அது. அதே வருடம் வாஷிங்டனில் ஒரு சங்கம் தொடங்கினார். 1965 ஏப்ரல் 17 அன்று வெள்ளை மாளிகை முன் பத்துப் பேர் அட்டை பிடித்து நடந்தார்கள், ஏழு ஆண்கள், மூன்று பெண்கள். ஆண்கள் கோட்டு, டையோடு வர வேண்டும் என்று அவர் கண்டிப்பாக இருந்தார். வேலை கேட்டுப் போராடுகிறவன் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும்படி இருக்க வேண்டுமாம். இந்த இடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் பேரணியில் லுங்கியோடு வருகிறவருக்கும் அதே உரிமைதான். ஆனாலும் அந்தக் காலத்துப் படங்களைப் பார்க்கும்போது, இஸ்திரி போட்ட அந்தக் கோட்டுகளுக்குள் எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று தோன்றும்.

என்னை உலுக்கியது வேறொன்று. 1964இல் அவர் ஆற்றிய ஓர் உரை. தன்பாலீர்ப்புக்கு என்ன காரணம் என்ற ஆராய்ச்சியில் தனக்கு அக்கறையே இல்லை என்கிறார். கறுப்பின மக்களின் அமைப்புகள் தோல் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று குரோமோசோமைத் தேடிக்கொண்டிருக்கவில்லையே, நாம் மட்டும் ஏன் தேட வேண்டும் என்பது அவர் கேள்வி. இது நோய் என்று சொல்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும், அதுவரை இது நோயில்லை. ஹார்வர்டில் படித்த ஒரு விஞ்ஞானி அறிவியல் ஆதாரத்தைத் தேட மறுக்கிறார் என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இன்னொரு முறை படித்தபோது புரிந்தது. நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்பதைவிட அறிவியல்பூர்வமான கேள்வி என்ன இருக்கிறது? மதுரை அம்மா ஒரு வாக்கியத்தில் கேட்டதும் அதையேதான்.

பின்னால் 2019இல் கிட்டத்தட்ட 4.8 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 'கே ஜீன்' என்று தனியாக ஒன்று கிடையாது, பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கின்றன, ஒருவரின் மரபணுவைப் பார்த்து அவர் யாரை விரும்புவார் என்று சொல்ல முடியாது என்பது முடிவு. பழைய ஸ்லைடுகளையே நம்பியிருந்தால் அன்றைக்கு நான் தலைமறைவாகியிருக்க வேண்டும்.

அந்தத் தொகுப்பில் நான் முதலில் கிழித்துப் போட்டது பென்குவினை இல்லை, 'பத்தில் ஒருவர்' என்ற எண்ணை. குளவிகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆல்ஃபிரட் கின்ஸி என்ற விலங்கியலாளர் 1948இல் எழுதிய நூலிலிருந்து கிளம்பியது அது. 16 முதல் 55 வயதுக்குள் குறைந்தது மூன்று வருடம் கிட்டத்தட்ட முழுதாகத் தன்பாலீர்ப்போடு இருந்த ஆண்கள் என்பதுதான் அவர் கணக்கு. கைதிகளையும் சேர்த்து எடுத்த மாதிரி வேறு. 'மக்கள் தொகையில் பத்து சதவீதம் கே' என்று அவர் சொல்லவே இல்லை. நம் பக்கத்துக்குச் சாதகமான பொய்யையும் சொல்லக் கூடாது. எதிரில் இருப்பவர் அந்த ஒன்றைப் பிடித்துவிட்டால், மீதி 42 ஸ்லைடும் போச்சு.

சரி, அறிவியலின் முடிவுகள் உதவவில்லை. பழக்கங்கள் உதவின. 2013 தீர்ப்பில் ஒரு வரி உண்டு. 150க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் 377இன் கீழ் வழக்குக்கு உள்ளானவர்கள் 200 பேருக்கும் குறைவு என்று. எங்கள் ஆட்கள் அதைக் கேட்டுக் கொதித்தார்கள். எனக்கு அது ஆய்வுக்கூடத்துப் பிரச்சினையாகப் பட்டது. கருவியில் முகடு எழவில்லை என்றால் பொருள் இல்லை என்று அர்த்தமா, கருவிக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை என்று அர்த்தமா? ரோந்துப் போலீஸ் பையில் இருந்த 800 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டு, "வீட்டுக்குச் சொல்லவா?" என்று மிரட்டி அனுப்பினால் அது எந்த நீதிமன்றப் பதிவேட்டில் ஏறும்?

அப்போதிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, நேரம், இடம், வண்டி எண், சட்டையில் இருந்த பெயர், பக்கத்தில் நின்றவர் யார். சம்பந்தப்பட்டவர் பெயர் மட்டும் இருக்காது, மாதிரிகளுக்குக் கொடுப்பது போல ஓர் எண் இருக்கும். எண்ணுக்கு உரியவர் யார் என்ற பட்டியல் வேறு வீட்டில், வேறொருவரிடம். சொல்கிறவர் "எழுத வேண்டாம்" என்றால் எழுத மாட்டேன். முதல் வருடம் நான் நிறையத் தப்பும் செய்தேன். அழுதுகொண்டிருப்பவரிடம் வண்டி எண் கேட்டிருக்கிறேன். தண்ணீர் கொடுத்து, பேசவிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் நோட்டைத் திறக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள ஆறேழு பேரைக் காயப்படுத்த வேண்டியிருந்தது.

2018 செப்டம்பர் 6. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை என்றார்கள். இந்தச் சமூகத்துக்கும் குடும்பங்களுக்கும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். கமெனிக்கு அமெரிக்க அரசு எழுத்துப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டது 2009இல், அவருடைய 84ஆம் வயதில். எனக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத்தில் வாங்கியிருப்பேன்.

மிரட்டல் மட்டும் ஒழியவில்லை. சந்திப்புச் செயலி ஒன்றில் பழகி, வீட்டுக்கு வரச் சொல்லி, நான்கு பேராகச் சூழ்ந்துகொண்டு பணம் பறிக்கிறார்கள். "377ல உள்ள போயிருவ" என்று இன்னும் சொல்கிறார்கள். அந்தப் பிரிவே இப்போது கிடையாது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது விடுபட்டுவிட்டது. (அதோடு, ஓர் ஆணைப் பலவந்தப்படுத்தினால் தண்டிக்க இருந்த வழியும் போனது. அந்தக் கொடுமையைத் தனியாக எழுத வேண்டும்.) மிரட்டிப் பணம் பறிப்பது அதே சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் குற்றம். முதல் தொகையைக் கொடுத்தால் இரண்டாவது கேட்பான், நான் பார்த்த ஒருவர்கூட ஒரு முறையோடு தப்பியதில்லை. செயலியை அழிக்காதீர்கள், அதுதான் ஆதாரம். திரைப்பதிவு எடுங்கள், பணம் போன பரிவர்த்தனை எண்ணைக் குறியுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கை ஒட்டி, எங்களைப் போன்ற பால்புதுமையினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 2022இல் ஒரு விதி சேர்க்கப்பட்டிருக்கிறது. 24-சி என்று அதன் எண். அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவேன். பல நேரம் அதை எடுக்கவே தேவைப்படாது, பையில் இருக்கிற தைரியம் பேச்சில் வந்துவிடும்.

அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் செய்ததைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காது. இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். தன்பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் சித்திரவதைகளைத் தடுக்கச் சொன்னதும் அந்த வழக்கில்தான். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

அறிவித்தாலும், மகனை வலுக்கட்டாயமாக மனநல விடுதியில் சேர்க்கும் வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. இதற்கு ஓர் எளிய தற்காப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்களுக்காகப் பேச வேண்டியவர் யார் என்று வயதுவந்த யாரையும் நீங்களே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வீட்டில் சொல்லப் போகிறேன் என்று வருகிற பிள்ளைகளிடம், அதை முதலில் எழுதிவிட்டு வரச் சொல்கிறேன். கூடவே, மூன்று மாத வாடகைக்குக் காசு, சான்றிதழ்களின் அசல்கள் வேறொரு வீட்டில், போய் இறங்க ஓர் இடம். திருவிழா, கல்யாணம், துக்கம் என்று சொந்தபந்தம் கூடியிருக்கும் நாளில் சொல்லாதீர்கள். அவர்களுக்கு அழக்கூடத் தனியிடம் கிடைக்காது.

நான் வீட்டில் சொன்னது 2016இல். அம்மா, "கல்யாணம் பண்ணா சரியாயிரும்யா" என்றார். ஒரு மாதம் பேசவில்லை, அப்புறம் எதுவுமே நடக்காதது போல ஊறுகாய் அனுப்பினார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. காரணம் கேட்பார், பென்குவின் வரை போக வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து, "அந்த வேலை இதனாலதான் போச்சா?" என்றார். ஆமாம் என்றேன். வெகுநேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதுரை அம்மாவை 2017இல் மறுபடி பார்த்தேன். மகனோடு வந்திருந்தார். நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன், அவர் அந்தக் கேள்வியை மறந்தே போயிருந்தார். "நல்லாப் பேசுனீங்க தம்பி அன்னைக்கு, படமெல்லாம் போட்டு" என்றார்.

2024 ஆகஸ்டில், துணையோடு கூட்டுக் கணக்குத் தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் எங்களுக்குத் தடை எதுவும் இல்லை என்று மத்திய நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியது. நானும் அவரும் வங்கிக்குப் போனோம். படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் வந்து பேனா நின்றது. திருமணம் என்று சட்டத்தில் ஒன்றுமில்லை, 2023இல் உச்ச நீதிமன்றம் அதைத் தர மறுத்துவிட்டது. 'நண்பர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"நண்பர்னா போட்ட?"

"வேற என்னப்பா போட முடியும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "படிவத்தை வாங்கிக்கிட்டோம்னு அவங்ககிட்ட கையெழுத்து வாங்குனியா, இல்ல வாய்வார்த்தைதானா?"

வாங்கியிருந்தேன். முத்திரையோடு.